கதவை யாருக்குத் திறப்பது? ஃபயர்வால் விதிகளைத் தெரிந்துகொள்வோம்

ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஒரு தொழிற்சாலைக்குள் போக வேண்டும் என்றால் என்ன நடக்கும்? கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவார். "யாரைப் பார்க்கணும்? எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்பார். ரெஜிஸ்டரில் எழுதச் சொல்வார். லாரி என்றால் டெலிவரி சலான் பார்ப்பார். உள்ளே வருவதற்கு மட்டுமல்ல, வெளியே போகும் சரக்குக்கும் கேட் பாஸ் வேண்டும்.

கம்ப்யூட்டர் வலையமைப்புக்கும் இப்படி ஒரு கேட் உண்டு. அதற்குப் பெயர் ஃபயர்வால். தமிழில் 'தீச்சுவர்' என்றும் சொல்வார்கள். கேட்டில் நிற்பவரிடம் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று ஒரு பட்டியல் இருப்பதுபோல, ஃபயர்வாலிடமும் ஒரு பட்டியல் இருக்கும். அதுதான் ஃபயர்வால் விதிகள். பட்டியல் சரியாக இருந்தால் பாதுகாப்பு. இல்லையென்றால் சுவர் இருந்தும் பயனில்லை.

"இதெல்லாம் கம்பெனி ஐ.டி. ஆட்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம், எனக்கு எதற்கு?" என்று தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்குள் ஒரு ஃபயர்வால் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் இடத்து வைஃபையில் போனை இணைக்கும்போது அங்குள்ள விதிகள் உங்களுக்கும் பொருந்துகின்றன. கடையோ பட்டறையோ வைத்திருந்தால் அந்த விதிகளை முடிவு செய்ய வேண்டியவரே நீங்கள்தான்.

2017 மே: ஒரகடம் வரை வந்த வைரஸ்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் உலகம் முழுவதும் பரவத் தொடங்கியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினாகக் கட்டு என்று திரையில் மிரட்டும். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ரெனோ நிறுவனம் பிரான்சில் சில ஆலைகளை நிறுத்த வேண்டிவந்தது. நிசானின் பிரிட்டன் ஆலை பாதிக்கப்பட்டது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் கூட்டு ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன.

இந்த வைரஸ் பரவ யாரும் எந்த லிங்க்கையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்ததும், அங்கிருந்து எட்டக்கூடிய மற்ற கம்ப்யூட்டர்களைத் தானாகவே தேடும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் 445 என்ற எண் கொண்ட வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கும். திறந்திருந்து, அந்த கம்ப்யூட்டரில் பழைய ஓட்டையும் அடைக்கப்படாமல் இருந்தால், உள்ளே நுழைந்துவிடும்.

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான சர்ட்-இன் அப்போது கொடுத்த ஆலோசனை மிக எளிமையானது: அப்டேட் போடுங்கள், வலையமைப்பின் எல்லையில் 139, 445 போன்ற எண்களைத் தடுங்கள். இரண்டாவது ஆலோசனை முழுக்க முழுக்க ஃபயர்வால் விதி. தொழிற்சாலையையே நிறுத்தக்கூடிய ஒன்றுக்கு எதிராக, இரண்டு வரி விதி எவ்வளவு பயன்படும் என்று பாருங்கள்.

ஃபயர்வால் எதைப் பார்த்து முடிவு செய்கிறது?

இணையத்தில் நீங்கள் அனுப்பும் எதுவும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் முகவரி எழுதியிருக்கும். ஃபயர்வால் முக்கியமாகப் பார்ப்பது இவற்றை:

1. எங்கிருந்து வருகிறது: அனுப்பும் கருவியின் ஐபி முகவரி. சிப்காட்டில் மனை எண் மாதிரி.

2. எங்கே போகிறது: பெறும் கருவியின் ஐபி முகவரி.

3. எந்த வாசல்: இதற்குப் பெயர் போர்ட். ஒரே கம்பெனிக்கு ஆட்கள் வர ஒரு கேட், லாரி வர ஒரு கேட் என்று இருப்பதுபோல. 65,535 வரை போர்ட் எண்கள் உண்டு. பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443, பெயரை வைத்து முகவரி தேடும் டி.என்.எஸ். சேவைக்கு 53, விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க 3389 என்று வழக்கமான எண்கள் இருக்கின்றன.

4. எந்த முறை: பெரும்பாலும் டி.சி.பி. அல்லது யு.டி.பி. முதலாவது, கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் கூரியர் மாதிரி. இரண்டாவது, பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் தபால் மாதிரி.

5. என்ன செய்ய வேண்டும்: அனுமதி அல்லது தடை.

இந்த ஐந்தும் சேர்ந்தால் ஒரு விதி. அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம் வரலாம். வெளியிலிருந்து வருவதை எல்லாம் தடுத்துவிட்டால், நாம் திறக்கும் இணையப் பக்கம் எப்படி உள்ளே வரும்? இன்றைய ஃபயர்வால்களுக்கு நினைவு உண்டு. உள்ளே இருப்பவர் ஒரு பக்கத்தைக் கேட்டால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கான பதில் திரும்பி வரும்போது, 'இது நம்ம ஆள் கேட்டது' என்று விட்டுவிடும். யாரும் கேட்காமல் தானாக வந்து கதவைத் தட்டுவதைத்தான் நிறுத்தும். எனவே, இணையம் பார்க்க வேண்டும் என்பதற்காக வெளியிலிருந்து உள்ளே வரும் வழியைத் திறந்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு பட்டறைக்கு விதி எழுதிப் பார்ப்போம்

பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறிய ஜாப் ஒர்க் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர். அதில்தான் பில், ஜி.எஸ்.டி., இ-வே பில், பேங்க் வேலை எல்லாம். டிராயிங்குகளைச் சேமித்து வைக்க ஒரு கம்ப்யூட்டர். சி.என்.சி. இயந்திரத்துடன் இணைந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று. சிசிடிவி பதிவுப் பெட்டி. வேலை செய்பவர்களின் போன்களுக்கு ஒரு வைஃபை. பல இடங்களில் இவை எல்லாமே ஒரே ரவுட்டரில் சேர்ந்து இருக்கும்.

முதலில் இவற்றைத் தனித்தனிப் பிரிவாகப் பிரித்து, நடுவில் ஃபயர்வாலை வைக்க வேண்டும். பிறகு விதிகள் இப்படி அமையலாம்:

விதி 1: சி.என்.சி. கம்ப்யூட்டரிலிருந்து டிராயிங் கம்ப்யூட்டருக்கு, போர்ட் 445 மட்டும்: அனுமதி.

விதி 2: சி.என்.சி. கம்ப்யூட்டரிலிருந்து வேறு எங்கு போனாலும்: தடை.

விதி 3: போன்களுக்கான வைஃபையிலிருந்து ஆபீஸ், டிராயிங், சி.என்.சி., கேமரா பிரிவுகளுக்கு: தடை.

விதி 4: போன்களுக்கான வைஃபையிலிருந்து மற்ற எல்லா இடங்களுக்கும்: அனுமதி.

விதி 5: ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து டிராயிங் கம்ப்யூட்டருக்கு, போர்ட் 445: அனுமதி.

விதி 6: ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து இணையத்துக்கு, போர்ட் 443, 80, 53: அனுமதி.

கடைசி விதி: மேலே சொல்லாத எதுவாக இருந்தாலும்: தடை. கூடவே பதிவேட்டில் குறித்து வை.

முதல் விதியில் 445 திறந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எந்த போர்ட்டும் தன்னளவில் கெட்டதில்லை. யாரிடமிருந்து யாருக்கு என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மட்டும் திறந்திருக்கிறது. இணையத்திலிருந்து யாரும் அதைத் தொட முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசி விதி. 'தேவையானதை மட்டும் திற, மற்றதெல்லாம் மூடு' என்பதே இதன் பொருள். 'கெட்டதை மட்டும் மூடு, மற்றதெல்லாம் திறந்திருக்கட்டும்' என்று ஆரம்பித்தால், நாளைக்கு வரப்போகும் கெட்டதன் பெயர் நமக்கு எப்படித் தெரியும்?

வரிசை மாறினால் வினை

பெரும்பாலான ஃபயர்வால்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். மேலே உள்ள பட்டியலில் விதி 3-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள். 'போன்களிலிருந்து எல்லா இடங்களுக்கும் அனுமதி' என்பது முதலில் வந்துவிடும். அதற்குக் கீழே உள்ள தடை ஒருபோதும் வேலை செய்யாது. பட்டியலில் தடை எழுதியிருக்கிறது, பார்ப்பவருக்கும் திருப்தி. ஆனால் கதவு திறந்தேதான் கிடக்கும்.

எல்லாக் கருவிகளும் இப்படியே நடக்கும் என்றும் சொல்ல முடியாது. விண்டோஸில் உள்ள ஃபயர்வாலில் ஒரே விஷயத்துக்கு அனுமதியும் தடையும் இருந்தால், தடைக்குத்தான் முதலிடம். எனவே விதி எழுதியதோடு விடாமல் சோதித்துப் பாருங்கள். தடுத்ததாக நினைக்கும் இடத்திலிருந்து ஒருமுறை உள்ளே போக முயன்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

யோசிக்காமல் தடுப்பதும் ஆபத்து. வான்னாக்ரை வைரஸ் ஒரு குறிப்பிட்ட இணைய முகவரியைத் தொடர்புகொள்ள முயலும். பதில் வந்தால் வேலையை நிறுத்திவிடும். பிரிட்டனைச் சேர்ந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற ஆய்வாளர் அந்த முகவரியைப் பதிவு செய்ததும் பரவல் வெகுவாகக் குறைந்தது. 'வைரஸ் தேடும் முகவரியாச்சே' என்று அதை ஃபயர்வாலில் தடுத்திருந்தால், வைரஸுக்குப் பதில் கிடைத்திருக்காது. அது தொடர்ந்து பரவியிருக்கும்.

"ரெண்டு நாளைக்கு மட்டும் திறந்து விடுங்க சார்"

இயந்திரம் பழுதாகிவிட்டது. சர்வீஸ் இன்ஜினியர் வெளியூரில் இருக்கிறார். "தொலைவிலிருந்தே பார்த்துடறேன், 3389-ஐ மட்டும் திறந்து விடுங்க" என்கிறார். வேலை நின்றுபோன அவசரத்தில் யாரும் திறக்கத்தான் செய்வார்கள். பழுது சரியானதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்த வாசல் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். இணையம் முழுவதும் இப்படித் திறந்திருக்கும் வாசல்களைத் தேடும் தானியங்கி மென்பொருள்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. தொலைவிலிருந்து இயக்கும் வசதி வழியாகப் புகுவது ரான்சம்வேர் கும்பல்களின் வழக்கமான பாதைகளில் ஒன்று.

திறந்தே ஆக வேண்டுமா? வி.பி.என். வழியாக மட்டும் வரச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், அந்த இன்ஜினியரின் ஐபி முகவரிக்கு மட்டும் திறங்கள். விதியின் பக்கத்தில் யாருக்காக, எதற்காக, எந்தத் தேதிவரை என்று எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பட்டியலை எடுத்து, காரணம் சொல்ல முடியாத விதிகளை நீக்குங்கள்.

கேட்டுக்கு உள்ளேயும் சுவர் வேண்டும்

வாசலில் பலமான காவல் இருந்தாலும், ஆபத்து ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறி உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது? 2018 ஆகஸ்ட் 3 அன்று தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகளில் இதுதான் நடந்தது. புதிதாக வந்த ஓர் இயந்திரத்துக்கு மென்பொருள் நிறுவும்போது தவறு நேர்ந்து, அதில் இருந்த வான்னாக்ரை வகை வைரஸ் வலையமைப்பில் இணைத்ததும் பரவியது. உற்பத்தி சில நாட்கள் பாதிக்கப்பட்டது. ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை 2017 ஜூன் 19 அன்று ஒருநாள் நின்றது. உலகம் முழுவதும் வான்னாக்ரை செய்தி பரவி 5 வாரம் ஆன பிறகும் அதே வைரஸ் அங்கே வலையமைப்பில் இருந்தது.

ஒரே பிரிவுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வது வாசலில் உள்ள ஃபயர்வாலுக்குத் தெரியாது. அதனால்தான் மேலே சொன்ன பட்டறையில் இயந்திரம், ஆபீஸ், போன் என்று பிரித்தோம். அப்டேட் கிடைக்காத பழைய கம்ப்யூட்டரில் இயந்திரம் ஓடுகிறதா? உடனே மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை, அதைத் தனியே பிரித்து வைக்கலாம்.

உங்கள் கையில் உள்ள போன்

போன் கையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு. கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு தளம் திறக்கவில்லை. "சரி, என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கலாம்" என்று போனை இணைக்கிறீர்கள். அந்த நிமிடம் என்ன நடக்கிறது? அந்த கம்ப்யூட்டர் ஒரு பக்கம் கம்பெனி வலையமைப்பிலும், இன்னொரு பக்கம் உங்கள் போன் வழியே நேராக இணையத்திலும் இருக்கிறது. ஃபயர்வாலைத் தொடாமல் போகும் ஒரு புது வழி திறந்துவிட்டது. மதில் சுவரில் ஆள் நுழையும் ஓட்டை போட்டது மாதிரிதான். வேண்டாம். தளம் திறக்க வேண்டும் என்றால் ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்.

போனை சார்ஜ் போடவும் கம்பெனி கம்ப்யூட்டரைப் பயன்படுத்தாதீர்கள். வேலை இடத்தில் விருந்தினர் வைஃபை இருந்தால் அதில் மட்டும் இணையுங்கள்.

உங்கள் போனிலும் விதி போடலாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் பின்னணியில் டேட்டா பயன்படுத்துவதைத் தடுக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் ஒரு செயலி, 'உங்கள் உள் வலையமைப்பில் உள்ள கருவிகளைத் தேடலாமா?' என்று அனுமதி கேட்கும். டிவியில் படம் போடும் செயலிக்கு அது தேவை. டார்ச் லைட் செயலிக்கு எதற்கு? 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். லேப்டாப்பை ரயில் நிலைய வைஃபையிலோ, தங்கும் விடுதி வைஃபையிலோ இணைக்கும்போது 'பொது வலையமைப்பு' என்றே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அப்போதுதான் கண்டிப்பாக இருக்கும்.

வீட்டு ரவுட்டரும் சிசிடிவியும்

வாங்கியபோது வந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருக்கும் கேமராக்களும் ரவுட்டர்களும் 2016-இல் 'மிராய்' என்ற மென்பொருளின் பிடியில் லட்சக்கணக்கில் சிக்கின. 23, 2323 என்ற போர்ட்கள் வழியாக வழக்கமான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே அது உள்ளே நுழைந்தது. அந்தக் கருவிகளை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று நடத்திய தாக்குதலில் அமெரிக்காவில் ட்விட்டர் உள்ளிட்ட பல பெரிய தளங்கள் முடங்கின. உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை:

1. ரவுட்டரின் நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, தனி.

2. ரவுட்டர் செட்டிங்ஸில் ஃபயர்வால் 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

3. 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேமரா பொருத்த வந்தவர் திறந்துவிட்டுப் போன போர்ட் ஏதாவது இருக்கலாம். தேவையில்லை என்றால் நீக்குங்கள். 'யு.பி.என்.பி.' வசதி கருவிகளைத் தாமாகவே போர்ட் திறக்க விடும். அதையும் அணைத்து வைப்பது நல்லது.

4. விருந்தினர் வைஃபை இருந்தால் கேமரா, டிவி போன்றவற்றை அதில் இணையுங்கள்.

5. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் அப்டேட் வந்தால் போடுங்கள்.

ஃபயர்வாலால் தடுக்க முடியாதது

வாட்ஸ்அப்பில் 'போக்குவரத்து அபராதச் சலான்' என்று வரும் போலி ஏ.பி.கே. கோப்பை நீங்களே நிறுவினால், போனில் ஓ.டி.பி. சொன்னால், எந்த ஃபயர்வாலும் காப்பாற்றாது. ஏனென்றால் உள்ளே இருப்பவரே கதவைத் திறந்து வரவேற்றுவிட்டார். 443 வழியாகப் போகும் தகவல் குறியாக்கத்தில் இருப்பதால், சாதாரண ஃபயர்வாலுக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஃபயர்வால், அப்டேட், பேக்கப், எச்சரிக்கை ஆகிய நான்கும் சேர்ந்தே வேலை செய்யும்.

சிக்கல் வந்தால் யாரிடம் சொல்வது?

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் வந்துவிட்டதாகத் தெரிந்தால், முதலில் வலையமைப்புக் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பரவுவதை அதுதான் நிறுத்தும். நிறுவனம் நடத்துபவர்கள் கவனிக்க: சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இதுபோன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். நம் பட்டியலின் கடைசி விதியில் 'பதிவேட்டில் குறித்து வை' என்று சேர்த்தது இதற்கும் உதவும். சர்ட்-இன் நடத்தும் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இணையதளத்தில், தீங்கு மென்பொருளை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்று மாலை ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டையும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலையும் பாருங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள், நெட்வொர்க் வேலை பார்ப்பவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நம்ம ஃபயர்வாலில் திறந்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டும் யாருக்காக, எதற்காக?" அவரால் பதில் சொல்ல முடியாத போர்ட்டை முதலில் மூடச் சொல்லுங்கள்.